கிப்லாவைப் பார்த்த கக்கூஸ்

இன்று அக்கரைப்பற்று பஸ்ஸில் என் பக்கத்தில் பாலமுனை மீன் வியாபாரி ஒருவர் இருந்தார். மகனை ஆசுபத்திரியில் பார்த்துவிட்டுக் கோபத்தோடு வந்தவர், அண்ணன் முறையில் என்னைக் ‘காக்கா’ என்று கூப்பிட்டுச் சொன்னார்.

“வாட்டுக் கக்கூசெல்லாம் கிப்லாவுக்கு நேர இரிக்கி காக்கா. சனம் கோணிக்கோணிக் குந்துது. நம்மட ஆள் பிளான் கீறியிருந்தா இப்புடி வருமா?”

“வராதுதான்” என்றேன்.

எண்பதுகளில் அந்த ஆசுபத்திரி வாட்டைத் திருத்தியபோது பிளான் கீறியவன் நான். தொழும் திசையான கிப்லாவைப் பார்த்து அங்கே குந்தக்கூடாதென்று சின்ன வயதிலேயே ஓதிப் படித்தவன். குழாய் நேராகப் போகவேண்டும் என்ற ஒரே யோசனையில், கிப்லா இருக்கும் மேற்கு எதுவென்று பார்க்கவில்லை.

இறங்கும்போது அவர், “காக்கா என்ன வேல செஞ்சீங்க?” என்று கேட்டார்.

“வாத்தியார்” என்றேன்.

அந்த வாட்டில் கோணிக் குந்தியவர்கள் யாரும் இந்தப் பதிவை வாசித்தால், கீழே கமெண்டில் ஏசிவிட்டுப் போங்கள்.