தெருப்பக்கக் கிளை

அறுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் தறி இல்லாத வீடு அந்தப் பூக்காரியுடையது ஒன்றுதான். வாசலில் நின்ற நந்தியாவட்டைச் செடியின் பூவைக் கட்டி விற்றுத்தான் அவளுக்குப் பிழைப்பு. உயரமாக, ஒல்லியாக இருப்பாள். இடுப்பில் எப்போதும் சின்ன அரிவாள் ஒன்று செருகியிருக்கும். யாரோடு பேசினாலும் கை பழுத்த இலையைக் கிள்ளிக்கொண்டே இருக்கும்.

விடிந்ததும், தறியில் நெடுக்காக ஏற்றும் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு நீட்டிக் கட்டி இழைகளைச் சரிபார்ப்போம். அன்று அவள் செடியின் தெருப்பக்கக் கிளையில் மாட்டிச் சில இழைகள் அறுந்துவிட்டன. பாவுக்காரர் கத்தியோடு செடியிடம் போனார்.

அவள் தடுக்கவில்லை.

"வெட்டுப்பா, நல்லா வெட்டு. வெட்டுன எடத்துல பால் சொட்டும். கீழ உன் பட்டு இருக்குது. பசையாட்டம் ஒட்டிக்கினா இழைய எப்படிப் பிரிப்ப?"

அவர் கை இறங்கிவிட்டது. "பாவு சுருட்டுனதும் நீயே வெட்டிடும்மா."

"வெட்டுறேன்."

சொன்னபடி வெட்டினாள். வீட்டுப் பக்கக் கிளைகளை எல்லாம் கணுப் பார்த்து அழகாகக் கழித்தாள். தெருப்பக்கக் கிளையைத் தொடவே இல்லை.

"இது?" என்று கேட்டேன்.

"அதுலதான் மொட்டு இருக்குது. தெருவ உங்க பாவுக்குன்னே எழுதி வெச்சிருக்குதா?"

மறுநாள் பாவை ஒரு முழம் தள்ளிக் கட்டினோம். அடுத்த மழைக்குள் கிளை அந்த ஒரு முழத்துக்கும் வந்துவிட்டது. வெட்டச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இன்னும் ஒரு முழம் தள்ளிக் கட்டினோம்.