இருட்டு ரூமில் ஒரு டார்ச்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலைப் புழுதியைக் கூட்டிக் கூட்டியே விக்டோரியாவின் இளமை போனது. நாற்பதை நெருங்கும்போதுதான் மருந்துக் கம்பெனியில் வேலை கிடைத்தது. வெள்ளைக் கோட்டு, தலைக்கு உறை, காலுக்கு உறை. முதல் நாள் வீட்டுக்கு வந்ததும், "இன்னிக்கு ஒரு தபா கூட இருமலய்யா" என்று கணவன் சாம்சனிடம் சொல்லிச் சிரித்தாள்.

அங்கே தயாராவது ஆறாத புண்ணுக்கான ஜெல். கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள் அதற்குள் மருந்தைப் பிடித்து வைத்திருக்கும். டாக்டர் புண்மேல் தடவி நீல ஒளி காட்டினால்தான் பிடியை விடும். அதற்கு முன்பே வெளிச்சம் பட்டால் மருந்து கசிந்து வீண். அதனால் பேக்கிங் முழுக்க மங்கலான சிவப்பு பல்பின் கீழ்தான். பெண்களுக்கு அது 'இருட்டு ரூம்'. போன் லாக்கரைத் தாண்டக் கூடாது.

பொதட்டூர்பேட்டை சுமலதாவை அங்கே சேர்த்துவிட்டவள் விக்டோரியா. தங்க இடமில்லை என்றதும் தன் வீட்டிலேயே பாய் போட்டுக் கொடுத்தாள்.

விக்டோரியாதான் அடுத்த லைன் லீடர் என்று பேச்சு அடிபட்ட வாரத்தில் அவள் பிறந்தநாளும் வந்தது. இருட்டு ரூமில் ஜெல் நிரம்பிய திறந்த தட்டோடு நின்றவளுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"யக்கா, இங்க பாரு! ஹேப்பி பர்த்டே!"

கோட்டுக்குள் ஒளித்து எடுத்துவந்த போனில், இருட்டில் முகம் தெரியவில்லை என்று சுமலதா டார்ச்சைப் போட்டே வீடியோ எடுத்தாள். விக்டோரியா சிரித்துவிட்டாள். பிறகுதான் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். ஜெல் தண்ணீராகிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் ஸ்டீபன் போனைப் பிடுங்கினார். "யாரு வேல இது?"

சுமலதா சொல்லிவிடுவாள் என்று விக்டோரியா காத்திருந்தாள். சொன்னாள்.

"யக்காதான் சார், எட்தே ஆவணும்னு பேஜார் பண்ணாங்க. லீடர் ஆவப்போறவங்க சொன்னா நான் இன்னா சார் பண்றது?"

வீடியோவில் விக்டோரியா சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டீபனுக்கு அது போதுமானதாக இருந்தது. நாளை முதல் பழையபடி இரும்பு ஆலைக்குப் போகச் சொல்லிவிட்டார், இரண்டு இடத்துக்கும் ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்.

மாலையில் சுமலதா கேக் டப்பாவோடு வாசலில் நின்றாள்.

"உனக்கு சாம்சன் அண்ணன் கீறாரு யக்கா. எனக்கு யாரு கீறா?"

"கேட்டிருந்தா நானே பழிய ஏத்துக்கினு இருப்பேன்டி. ஏசப்பா சத்தியமா."

சுமலதா அழுதாள். விக்டோரியா அவள் பாயைச் சுருட்டி, பையோடு சேர்த்து வாசலில் வைத்தாள். பிறகு, மூக்கில் கட்டும் பழைய துண்டைப் பரணிலிருந்து தேடி எடுத்து உதறினாள். இருமல் வந்தது.