மூலைக் கடை யாருக்கு

இஸ்திரிக்காரி யாரையும் லேசில் நம்பமாட்டாள். கலவரத்தில் தள்ளுவண்டி எரிந்து சாம்பலானதிலிருந்து, நாய் வாலாட்டினால்கூட எதற்கு என்று யோசிப்பாள். சமாதானக் குழுவில் ‘மக்கள் பிரதிநிதி’யாகச் சேர்த்தபோதும் அப்படித்தான் யோசித்தாள். கூட்டம் எப்போதும் காலை பதினோரு மணிக்கு, பெரிய ஹோட்டலின் ஏசி அறையில். அவள் பிழைப்பைக் கெடுக்கும் நேரத்தில்தான் இவர்களுக்குச் சமாதானம் வரும். சம்பளக்காரர்கள் பேசுவார்கள். அவளும் எதிர்த்தரப்புப் பஞ்சர்க்காரரும் வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வண்டிக்குத் தீ வைத்ததில் அவருக்கும் பங்குண்டு என்பது அவள் சந்தேகம்.

இரு தரப்பும் சேர்ந்து பிழைக்க, சந்தியில் வணிக வளாகம் வருகிறதாம். அந்தச் சந்தியின் ஒரு ஓரத்தில்தான் அவள் புது வண்டி, மறு ஓரத்தில் பஞ்சர்க்கடை. குழுவின் ஒருங்கிணைப்பாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மூலைக் கடை உங்களுக்குத்தாம்மா. யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க.”

அவள் மூச்சு விடவில்லை. நம்பவும் இல்லை.

துணி வந்தால் முதலில் பாக்கெட்டைத் துழாவுவது அவள் தொழில் வழக்கம். எது கிடைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவாள். அந்த வாரம் ஒருங்கிணைப்பாளரின் சட்டையில் வளாகத்தின் வரைபடம் இருந்தது. மூலையில் கடையே இல்லை. ‘கார் நிறுத்துமிடம்’ என்று போட்டிருந்தது. அதை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வேறு வழியில்லாமல் பஞ்சர்க்காரரிடம் போனாள். வாயில் வராத ‘அண்ணே’யை வரவழைத்துக்கொண்டு வரைபடத்தை நீட்டினாள். அவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே ஓரக்கண்ணால் பார்த்தார்.

“யாருக்கும்மா காது குத்துற? என்னைக் கழட்டிவிட்டுட்டு மூலைக் கடையை நீ அமுக்கப் பாக்குற.”

“அது எனக்குன்னுல்ல சொன்னாரு?”

“உனக்குமா?”

அவர் மறுபடி டியூபின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் வரைபடத்தை மடித்து எடுத்துக்கொண்டு திரும்பினாள்.

மறுநாள் கூட்டத்தில் வளாகத்துக்கான ஒப்பந்தத் தாள் கையெழுத்துக்கு முதலில் அவரிடம்தான் போனது. இந்த ஆள் கவிழ்த்துவிடுவார் என்றே நினைத்தாள். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டால் ஒற்றை ஆளாக அவள் பேச்சு எடுபடாது, சந்தியில் அவள் வண்டியும் நிற்காது.

பஞ்சர்க்காரர் பேனாவை வாங்கினார். தாளைப் புரட்டினார். பிறகு இரண்டையும் ஒருங்கிணைப்பாளர் பக்கமே தள்ளினார்.

“மூலையில என்ன வருதுன்னு சத்தமாப் படிங்க சார். எங்க ரெண்டு பேருக்கும் கேக்கணும்.”