காலையில் ஒரு ஆள்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கண்டி நகரத் தமிழர் கடைகளுக்குத் தீ வைத்தபோது, இராஜேஸ்வரி ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில் வேலைக்கு நின்றாள். படிக்கட்டைப் புகை மூடிவிட்டது. ஜன்னலால் குதித்தாள். முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. ஒரே அண்ணன் அவளை ஊனமுற்றோர் இல்லமொன்றில் சேர்த்துவிட்டு, குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

இல்லத்தில் சோறு வந்தது, மருந்து வந்தது. எப்போது எழும்புவது, எப்போது விளக்கணைப்பது என்பதெல்லாம் மேற்பார்வை அம்மாவின் சொற்படி. வருடங்கள் போயும் இராஜேஸ்வரிக்கு அது பழகவில்லை. வெளியே தனியாக வாழ விரும்புகிறவர்களுக்கு உதவியாளுக்கான சம்பளத்தைக் கொடுக்கப்போவதாக இல்லத்தை நடத்திய சங்கம் அறிவித்ததும், முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

சங்கத்திலிருந்து மதிப்பிட வந்தவர் திருச்செல்வம். யாழ்ப்பாணத்துக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். ஆனால் கேள்விகளை எல்லாம் மேற்பார்வை அம்மாவிடமே கேட்டார். இவ தனிய உடுப்பு மாத்துவாவோ, சமைப்பாவோ என்று.

"என்னைக் கேளுங்க சேர். கால்தான் போச்சு, வாய் இருக்கு," என்றாள் இராஜேஸ்வரி.

அவர் கதிரையை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அடுப்பு தாழ்வாக இருந்தால் சமைப்பேன் என்றாள். உடுத்துவேன், நேரமெடுக்கும். கைமெஷினில் தைத்துப் பிழைப்பேன். குளிக்கவும், கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறவும் மட்டும் ஒரு ஆள் வேண்டும். திருச்செல்வம் பேனாவை மூடிவிட்டுச் சங்கடத்தோடு விளக்கினார். எல்லாம் ஏலுமென்று எழுதினால் உதவி தேவையில்லை என்பார்கள். ஏலாதென்று எழுதினால் தனியே விடுவது ஆபத்து என்பார்கள்.

"அப்போ நான் என்ன சொன்னாலும் இங்கதான் கிடக்கணும்."

அவர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.

"காலையில ஒரு ஆள் வந்து போனா, மிச்ச நாளை நான் பாத்துக்குவேன். அதை அப்படியே எழுதுங்க."

எழுதத்தான் எழுதினார். ஆபத்து என்று சொல்லிச் சங்கம் மறுத்துவிட்டது.

இல்லத்துச் சமையலறையில் வேலை செய்த றம்லத், கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் இருக்கும் முஸ்லிம் பெண். "எங்கட ஊட்டு முன்னறை சும்மாதான் கிடக்கு, வாங்க," என்றாள். போர்க்காலம், தமிழருக்கு அறை கொடுத்தால் பொலிஸில் பதிய வேண்டும், அக்கம்பக்கம் பேசும். றம்லத் இரண்டையும் பொருட்படுத்தவில்லை. மேற்பார்வை அம்மா வாசலில் நின்று தடுக்கத் தடுக்க, றம்லத் தூக்கிவிட, இராஜேஸ்வரி தையல் மெஷினோடு திரீவீல் ஆட்டோவில் ஏறினாள்.

வேலைக்குப் போகுமுன் றம்லத் அவளைக் குளிக்க வைத்து நாற்காலியில் ஏற்றிவிடுவாள். மற்றதெல்லாம் இராஜேஸ்வரியின் பாடு. சில மாதம் ஓடியதும், வந்து பார்க்கட்டும் என்று சங்கத்துக்குச் சொல்லியனுப்பினாள். திருச்செல்வம் வந்தபோது அடுப்பில் சோறு கொதித்தது, மடியில் பாதி தைத்த சட்டை கிடந்தது.

"ஆபத்துன்னாங்க, உயிரோடதான் இருக்கேன். ஆனா றம்லத் எத்தனை நாளைக்குச் சும்மா செய்வா? அவளுக்குச் சம்பளம் குடுங்க."

இம்முறை அவர் அவளுக்காகச் சங்கத்தில் வாதாடினார். றம்லத்துக்கு அரைநாள் சம்பளம் கிடைத்தது, வருடாவருடம் மறுபடி மதிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

பிறகு கண்டியில் குண்டு வெடித்தது. ஊரெங்கும் தமிழர் வீடுகளில் சோதனை. தமிழ்ப் பெண் தனியாக இருக்க வேண்டாம், இல்லத்துக்குத் திரும்பட்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. அதைச் சொல்ல வந்த திருச்செல்வமே கலங்கிப்போயிருந்தார்.

"எண்பத்திமூணுல நான் தனியா இருக்கல சேர். ரோட்டு நிறைய ஆளுங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க," என்றாள் இராஜேஸ்வரி. "நான் வரமாட்டேன்."

"ஓம், நான் போய்ச் சொல்லுறன்," என்று எழுந்தார் அவர். சங்கம் அதற்குமேல் வற்புறுத்தவில்லை, சம்பளமும் நிற்கவில்லை.

அடுத்த மதிப்பீட்டில் அவள் கூடுதலாகவே ஒன்று கேட்டாள்: கிழமைக்கு ஒருநாள் சந்தைக்குக் கூட்டிப்போக ஒரு ஆள். மரக்கறியை றம்லத் வாங்கி வருவாளே என்றார் அவர். கத்தரிக்காயைத் தன் கையால்தான் பொறுக்க வேண்டும் என்றாள். நெடுநாள் இழுத்தடித்துவிட்டு, சங்கம் அதற்கும் சம்மதித்தது.