பல்லக்காவும் கீச்சிட்ட பிரேக்கும்

பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் பதினேழு வருடமாக உட்கார்ந்திருக்கிறவளை எல்லோரும் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகியபடி வருகிறவரைப் பேச்சிலேயே பாதி குணமாக்கிவிடுவாள்.

வீட்டில் குழாய் ஒழுகினாலும் மிக்சி மக்கர் பண்ணினாலும் ஸ்க்ரூட்ரைவரைக் கையில் எடுப்பவள் அவள்தான். கணவர் பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்துபவர். ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனால் பத்தடி தள்ளியிருந்தே கண்டுபிடித்துவிடுவார். ஆணி அடிக்கச் சொன்னால் மட்டும் விரலில் அடித்துக்கொள்வார்.

அவர்களுடைய பழைய காரில் முன்சக்கரத்து பிரேக் பேடுகள் தேய்ந்துபோயின. பட்டறையில் பத்து நாள் காத்திருக்கச் சொன்னார்கள். பல்லக்காவுக்குப் பொறுமை இல்லை. செய்முறைப் புத்தகத்தோடு வந்த புதுப் பேடுகளை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போது கணவரின் அக்கா ஒரு மாதம் தங்கிப்போக வந்திருந்தார். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கணீரென்ற குரல்.

"நான் புத்தகத்தைப் படிக்கிறேன், நீ செய்" என்றார் அவர்.

"அப்ப ஞாயித்துக்கிழமையே முடிச்சிடலாம் அண்ணி."

ஞாயிறு காலை வாசலில் வேலை தொடங்கியது. அண்ணி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை வாசித்தார். பல்லக்கா ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, அடியில் முட்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினாள். பழைய பேடு பிஸ்கட் மாதிரி மெலிந்திருந்தது. சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கை இரு பக்கமும் கவ்வும்படி புதியதைப் பொருத்தி, போல்ட்டுகளை முறுக்கி, பெடலை நாலைந்து முறை மிதித்துப் பார்த்தாள். கெட்டியாக நின்றது. மதியத்துக்குள் இரண்டு சக்கரமும் முடிந்தன. அன்று முழுக்க அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் பிரேக்கை மிதித்தாள். "கீ...ச்!" என்று ஒரு அலறல்.

உள்ளே முதல் ஆளாகக் காத்திருந்த பெரியவர் துள்ளி எழுந்தார். "எனக்கு வலி நின்னுடுச்சும்மா" என்று அவளைத் தாண்டி வெளியே போனவர்தான், திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "யாருக்கு மெஷின் போட்டீங்க? நான் இன்னும் கையே கழுவலையே!"

செவ்வாயும் அதே கதை. எதிர்க்கடைக்காரர் யோசனை சொன்னார். "டிஸ்க்ல ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்கக்கா, சத்தம் நின்னுடும்."

"சத்தம் நிக்கும். வண்டி நிக்காதேப்பா!"

அன்று மாலை சக்கரத்தை மறுபடி கழற்றிப் பார்த்தாள். டிஸ்க் வழவழவென்று இருந்தது, போல்ட் எதுவும் தளரவில்லை. எங்கே தப்பு என்று பிடிபடவேயில்லை. புதன்கிழமை வண்டியை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போனாள். அந்த நடைதான் அவளுக்கு அவமானமாக இருந்தது.

வியாழன் மாலை கணவர் சாப்பாட்டு மேசையில் டீ குடித்தபடி அந்தச் சின்னப் புத்தகத்தைப் புரட்டினார். அச்சடித்த காகிதம் கிடைத்தால் போதும், படிக்காமல் விடமாட்டார்.

"ஆறும் ஏழும் எங்க?" என்றார்.

"என்ன ஆறு, என்ன ஏழு?"

"பக்கம். அஞ்சுக்கு அப்புறம் எட்டு வருது."

பல்லக்கா பாய்ந்து வந்தாள். இரண்டு தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. ஓரத்தில் கரிய கட்டைவிரல் ரேகை, அண்ணியுடையது. கணவர் கத்தி முனையால் மெதுவாகப் பிரித்துப் படித்தார். பேடு உட்காரும் பள்ளத்திலுள்ள துருவைச் சுரண்ட வேண்டும். அதன் முதுகில் மெல்லிய தகட்டை மாட்டி, பிரேக் கிரீஸைக் கொஞ்சமாகத் தடவ வேண்டும். இல்லாவிட்டால் பேடு அதிர்ந்து சத்தம் போடும்.

அண்ணி சமையலறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தார். பளபளவென்று மூன்று தகடுகளோடும் ஒரு கிரீஸ் பொட்டலத்தோடும் வந்தார்.

"பேடு ஆடாம இருக்கப் பெட்டிக்குள்ள வச்சிருப்பாங்கன்னு நினைச்சேன். தூக்கிப்போட மனசு வரல."

"நாலு இருக்கணுமே அண்ணி?"

அண்ணி மேசையின் காலைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அந்த மேசை ஆடவில்லை என்பது அப்போதுதான் மற்ற இருவருக்கும் உறைத்தது. கணவர் குனிந்து தகட்டை உருவினார். மேசை ஒரு பக்கம் சாய்ந்தது, டீ கவிழ்ந்தது. நல்லவேளை, தகடு கொஞ்சமும் வளையவில்லை. முதலில் சிரித்தது பல்லக்காதான். நான்கு நாளாக அடைத்துவைத்த சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னால உனக்கு நாலு நாள் தலைகுனிவு" என்றார் அண்ணி.

"விடுங்க அண்ணி. முறுக்கினது நான்தானே? ஒரு தடவை நானும் புத்தகத்தைப் பார்த்திருக்கணும்."

சனிக்கிழமை காலை மூவரும் வாசலில் இறங்கினார்கள். டாக்டர் பல்லில் படிந்த காரையைச் சுரண்டுவதைப் பதினேழு வருடம் பார்த்த கை அவளுடையது; பள்ளத்துத் துருவை அதே பதவிசோடு கம்பி பிரஷ்ஷால் எடுத்தாள். முதுகில் தகடு, அதன்மேல் பட்டும் படாமலும் கிரீஸ். டிஸ்க்கைத் தொடும் பக்கம் ஒரு பொட்டுகூடப் படக்கூடாது என்று கணவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார்.

"அந்த ஓரத்துல ஒரு புள்ளி இருக்கு."

"அது நிழலுங்க!"

புதுப் பேடு டிஸ்க்கோடு பழக வேண்டும், வேகமெடுத்துப் பத்து முறை மெல்லக் குறைக்க வேண்டும் என்று, போன ஞாயிறு அவசரத்தில் வாசிக்காமல் விட்ட கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஏரிக்கரைச் சாலை காலியாகக் கிடந்தது. பல்லக்கா ஓட்ட, பின்சீட்டிலிருந்து அண்ணி எண்ணினார். மூன்றாவதில் லேசான முனகல், ஆறாவதில் அதுவும் இல்லை.

"எட்டு... ஒன்பது... பத்து! லைன் கிளியர்!" என்று கத்தினார் அண்ணி.

வண்டி பூனை மாதிரி வந்து நின்றது. ஜன்னல் வழியாகத் தண்ணீர் கரையில் மோதும் சத்தம்கூடக் கேட்டது. கணவர் மெதுவாகக் கைதட்டினார்.

"இன்னொரு பத்து போகலாமா?" என்றாள் பல்லக்கா. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏரியை முழுதாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீடு திரும்பினார்கள்.

திங்கட்கிழமை அவள் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் வந்ததே டாக்டருக்குத் தெரிந்தது. மத்தியானம் அவர் மேசைப் பக்கம் வந்து தயங்கி நின்றார்.

"என் வண்டியும் ரெண்டு வாரமா கத்துதும்மா. வர்ற ஞாயிறு ஒரு பார்வை பார்க்கறீங்களா?"

பல்லக்கா டைரியைப் புரட்டி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னாள்: "வர்ற ஞாயிறு ஃபுல்லு டாக்டர். அதுக்கடுத்த வாரம் பத்து மணிக்கு எழுதிக்கவா?"