வாந்தி வராத வண்டி

பானட்டத் தொறந்து பாக்குறவனுக்கு மெக்கானிக்குன்னு பேரு; உள்ள ஏறி கடைசி சீட்டுல உக்காந்து பாக்குறவனுக்கு இன்னும் யாரும் பேரு வைக்கல. திண்டுக்கல்லுல அந்தப் பேரில்லாத ஆளு நாந்தேன்.

முழங்காலு தாடையில இடிக்க, மடியில யாரு வீட்டுப் பிள்ளையவோ வச்சுக்கிட்டு கல்யாணத்துக்குப் போயி வந்த அம்புட்டு பேருக்கும் சொல்றேன், கேளுங்க. நம்ம எல்லாரும் ஒரே சீட்டு.

இப்ப எஸ்யூவிங்கிறாக. அப்ப 'பெரிய வண்டி', அவ்வளவுதேன். எட்டுப் பேரு ஏறலாம். பழசா வாங்குறவுக எஞ்சினப் பாக்க ஒரு மெக்கானிக்கக் கூட்டிட்டுப் போவாக, உள்ள பாக்க என்னயக் கூட்டிட்டுப் போவாக. மூணாங்கிளாசோட நின்ன ஆளு நான். ஆனா நான் தலைய ஆட்டினாத்தேன் வாங்குறவுக வீட்டம்மாவும் தலைய ஆட்டும்.

இதுல ஒரு ரகசியம் இருக்கு. என் பொண்டாட்டி பாண்டியம்மாவுக்கு எதுல ஏறினாலும் வாந்தி. ஓட்டிப் பாக்குறேன்னு வண்டிய வாங்கி நேரா வீட்டுக்கு வருவேன். அவள ஏத்திக்கிட்டு பேகம்பூர் வரைக்கும் ஒரு ரவுண்டு. அவ எந்த இடத்துல "நிறுத்துங்க"ங்கிறாளோ, அதுதேன் வண்டிக்கு மார்க்கு. இது ஊருக்குத் தெரியாது. அவ அக்காவ மல மேல பண்ணைக்காட்டுல கட்டிக் குடுத்துருக்கு. பன்னெண்டு வருசமா அந்த வீட்டு வாசலக்கூட இவ பாத்ததில்ல. இந்த வண்டியாச்சும் நம்மள மல ஏத்திருமான்னு பாத்துத்தேன் ஒவ்வொண்ணுலயும் ஏறுவா. எறங்கி வாயக் கொப்புளிச்சிட்டு, "ஊரு வண்டிக்கெல்லாம் மார்க்குப் போடுறீக, எனக்குன்னு ஒரு வண்டி காட்ட முடியலையே!"ம்பா.

பேசாத வீட்டம்மா

ஒட்டன்சத்திரத்துல ஒரு தக்காளி யாவாரி. பழைய வண்டிய வித்துட்டு வேற வாங்கணும்னு கூப்பிட்டாரு. நான் போனதும் செருப்பக் கழட்டிட்டு கடைசி சீட்டுல ஏறிட்டேன். வெறுங்காலுல தரைய அமுக்கிப் பாக்கணும், கதவு அட்டைய நகத்தால கீறிப் பாக்கணும், கூரைக்கும் தலைக்கும் நடுவுல நாலு வெரலு போகுதான்னு பாக்கணும். இதான் என் படிப்பு.

"ஏனுங்க, எஞ்சின விட்டுப்போட்டு அங்க என்னுங்க பண்றீங்க?"ன்னாரு. "எஞ்சின் மேல யாரு உக்காரப் போறா? நீங்களும் பின்னாடி வாங்க"ன்னு இழுத்து உக்கார வச்சேன். சொந்த வண்டியில மனுசன் பின்னாடி உக்கார்றது அதுதேன் மொதத் தடவ. டிரைவரு ரயில்வே கேட்டு மேல வண்டிய ஏத்தி எறக்குனாரு. இவரு தலை கூரையில ஒண்ணு, ஜன்னல்ல ஒண்ணு. எறங்கி மண்டையத் தடவிக்கிட்டே சொன்னாரு: "ஏனுங்க, வண்டியில வாரப்ப எம் பொண்டாட்டி வாயே தொறக்க மாட்டாளுங்க. பல்லக் கடிச்சுட்டு வந்துருக்கான்னு இப்பத்தானுங்க தெரியுது."

கிழிக்காத கவரு

நம்மூரு ஆளுக எத வேணாலும் கிழிப்பாக, புது வண்டி சீட்டுல கம்பெனிக்காரன் போட்ட பாலித்தீன் கவர மட்டும் கிழிக்க மாட்டாக. மல்லிப்பூத் தோட்டக்காரரு ஒருத்தரு நாலு வருசத்து வண்டிய விக்கக் காட்டினாரு. சீட்டு, கதவு, தலைக்கு வக்கிற திண்டு, எல்லாம் கவருக்குள்ள. "பிரிக்கவே இல்ல"ன்னு மீசைய முறுக்குறாரு.

மொத வளைவுல நான் இந்தக் கதவுல இருந்து அந்தக் கதவுக்குப் போயிட்டேன். ரெண்டாவது வளைவுல திரும்பி வந்துட்டேன். அவரு குடும்பமே நாலு வருசமா இப்பிடித்தேன் சறுக்கி வெளாண்டுருக்கு. ஓரத்துல லேசாக் கவரத் தூக்கினேன். வேர்வையும் பிள்ளைக கொட்டுன தண்ணியும் உள்ள எறங்கி, துணி பூராம் கரும்புள்ளியாப் பூஞ்சக்காளான். வாங்க வந்தவரு மூக்கப் பொத்திட்டாரு. தோட்டக்காரரு அசரல: "சீட்டு போனா என்னப்பு, கவரு புதுசாத்தான இருக்கு!"

அய்யலூர் வாசன

ஒரு வண்டி பூராம் சென்ட்டு. அம்புட்டு சென்ட்டு அடிச்சா எதையோ மறைக்கிறாகன்னு அர்த்தம். பாண்டியம்மா ஏறின ஒடனே எறங்கிட்டா. "இது அய்யலூர் ஆட்டுச் சந்தை"ன்னா. கடைசி சீட்ட மடக்கி, பாயத் தூக்கினா, ஆட்டுப் புழுக்கை. "குடும்பத்துக்கு மட்டுந்தேன் ஓட்டினேன்னு சொன்னீகளே"ன்னு கேட்டேன். ஓனரு கண்ணு கலங்காத கொற: "அதுகளும் எங்க வீட்டுல வளந்த பிள்ளைகதாண்ணே."

மெத்துமெத்து

இது எனக்கு வெக்கக்கேடு. ஒரு வண்டி வந்துச்சு பாருங்க, சீட்டு இலவம்பஞ்சு. பள்ளத்துல விட்டாலும் தொட்டில் மாதிரி ஆடுது. சொக்கிப் போயிட்டேன். பாண்டியம்மா மணிக்கூண்டு தாண்டங்குள்ளயே "நிறுத்துங்க"ன்னா. காலையில தின்ன பணியாரம் ஒத்துக்கல போலன்னு நெனச்சுக்கிட்டு, வேடசந்தூர் மில்லு மேஸ்திரி ஒருத்தருக்கு 'நல்ல வண்டி'ன்னு தலைய ஆட்டிட்டேன்.

மேஸ்திரி குடும்பத்தோட கொடைக்கானல் போனாரு. மெத்துமெத்துன்னு இருக்குற வண்டி ரோட்டுல தாலாட்டும், மலையில குடத்துத் தண்ணி மாதிரி அலசும். எட்டு பேரும் ஜன்னலுக்கு ரெண்டு பேரா தலைய வெளிய போட்டுட்டாக. மறுநா வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. திட்டுவாருன்னு பாத்தா, கையெடுத்துக் கும்பிட்டாரு: "அண்ணே, இனிமே எங்க தெருப் பக்கம் தலைய ஆட்டாதீக."

ரெண்டு மாசம் ஒருத்தரும் கூப்பிடல. "பணியாரம் ஒத்துக்கலையோ?"ன்னு பாண்டியம்மா தெனமும் கேட்டா.

ஒறங்கிப் போன ஒருத்தி

அப்பறம் ஒரு டீச்சரம்மா வந்தாக. வேளாங்கண்ணிக்குக் குடும்பத்தோட போயி வர பெரிய வண்டி வேணும். விக்கிறது பேகம்பூர் புரோக்கர் பாய். இந்தத் தடவயும் தப்பினா என் பேரு அம்புட்டுத்தேன். நான் பாய்கிட்ட, "மலையில ஏத்திப் பாத்துத்தேன் சொல்லுவேன்"னேன். அன்னைக்கு ரகசியத்த மறைக்க முடியல, பாண்டியம்மாவும் ஏறிட்டா. கையில எலுமிச்சங்காய், மடியில நாலு கேரிபேக்கு. "யா அல்லா, சீட்ட இப்பத்தேன் கழுவி வச்சேன்"ன்னாரு பாய்.

பாக்க சுமாரான வண்டி. சீட்டு கொஞ்சம் கெட்டி. ஆனா ஒசரமா இருக்கு, ஜன்னலு தணிவா இருக்கு, உக்காந்த எடத்துல இருந்து ரோடு தெரியுது. வளைவுல ஒடம்பு சாயல. பாய் ஓட்டுறாரு, நான் முன்னாடி. வத்தலக்குண்டு தாண்டி மல ஏறுது. மூணாவது வளைவு, அஞ்சாவது வளைவு, பின்னாடி சத்தமே இல்ல. மயங்கிட்டாளோன்னு திரும்பிப் பாத்தா வாயப் பொளந்துக்கிட்டு ஒறங்குறா! எலுமிச்சங்காய் கீழ உருண்டு கெடக்கு. டீச்சரம்மா எழுப்பப் போனாக. நான் வேணாம்னு கையக் காட்டிட்டேன்.

பண்ணைக்காட்டுல அக்கா வாசல்ல வண்டி நின்னுச்சு. அக்காக்காரி வெஞ்சனம் தாளிச்ச கரண்டியோட ஓடியாந்து, "எவ வந்துருக்கா பாரு!"ன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டா. பாண்டியம்மா தலையத் தூக்கி எறங்குனது இருக்கே, கலெக்டர் எறங்குன மாதிரி. என்னயத் திரும்பிக்கூடப் பாக்கல. வண்டியோட பானட்ட மட்டும் ரெண்டு தட்டுத் தட்டுனா. டீச்சரம்மா அங்கயே முடிவு பண்ணிட்டாக.

பாய் வாயி சும்மா இருக்குமா? ஒரு வாரத்துல ரகசியம் ஊரு பூராம் பரவிருச்சு. ஞாயித்துக்கெழம காலையில வாசல்ல ஒரு பெரிய வண்டி. நிக்கிறது யாருன்னா, அந்த மில்லு மேஸ்திரி. நான் அவசரமாச் சட்டைய மாட்டிக்கிட்டு வெளிய வந்தேன். அவரு என்னயத் தாண்டி வீட்டுக்குள்ள எட்டிப் பாத்தாரு: "நீங்க இருங்கண்ணே, மதினி கெளம்பிட்டாகளா?"

அன்னையில இருந்து இந்தத் தொழிலுக்கு ஒரு பேரு கெடச்சிருச்சு, என்னய இப்ப ஊருல 'பாண்டியம்மா வீட்டுக்காரரு'ங்கிறாக.