காய்ந்த மணல்

மத்திய ஆசியப் பயணங்களைப் பற்றிய நூலொன்றை இன்று வாசித்துக்கொண்டிருந்தேன். பாலைமணலில் நெடுங்காலம் புதைந்திருந்தும் கூந்தல் கெடாத பெண்ணொருத்தியின் படம் அதில் இருந்தது.

இத்தகைய படமொன்றை எட்டு வயதிலும் பார்த்திருக்கிறேன். உம்மா மௌத்தாகி அப்போது ஒரு மாதம் ஆகியிருந்தது. கல்முனைக்குடியில் நாங்கள் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. வாப்பாதான் வெள்ளிதோறும் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் உம்மாவை அடக்கிய கபுறில் ஊற்றுவார். ஒரு வெள்ளியன்று, அந்தப் படம் இருந்த அவருடைய பழைய புத்தகத்தை விரித்துக் காட்டி வாசலில் மறித்தேன்.

“தண்ணி ஊத்தாதீங்க வாப்பா. காஞ்ச மணலுக்குள்ள உம்மா இப்படியே கிடப்பா.”

“நம்மட மணல ரெண்டு முழம் தோண்டினா தண்ணிதான் மகள்,” என்றார்.

சொன்ன பிறகே என் முகத்தைப் பார்த்தார். வாளியைக் கவிழ்த்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

உம்மாவின் கபுறு எவ்விடத்தில் உள்ளதென்று இன்றுவரை நான் அறியேன்.